கழல மறுத்த நட்டு

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

விசிறி என்றதும் நம் கல்லூரியினர்க்கு முதலில் நினைவுக்கு வருவது, வகுப்பறைக் கூரையில் தொங்கிக்கொண்டு காற்றைவிட ஓசையை அதிகமாக வழங்கும் அந்த விசிறிதான். நான் சொல்ல வந்த விசிறி அதுவன்று. மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்தால் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே நின்று, எஞ்சினைக் கொதிக்க விடாமல் காக்கும் விசிறி. அதைத் தாங்கி நிற்கும் ‘விசிறிக் கிளட்ச்’ என்னும் உறுப்பைப் பற்றியும், அந்த உறுப்பை எஞ்சினோடு பிணைக்கும் ஒரே ஒரு நட்டைப் பற்றியுமே இக்கட்டுரை. ஒரு நட்டுக்கு இத்தனை பக்கமா என்று நண்பர்கள் நகைக்கலாம். அந்த நட்டு என் மாமாவின் வலக்கையில் இரண்டு விரல்களை முழுவதும் மடங்காதபடி செய்துவிட்டது என்று சொன்னால் நகைக்கமாட்டீர்கள்.

மாமா என் அன்னையின் தம்பி. சென்னையில் வெளிநாட்டுக் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் தொழில் கற்றவர். 2013இல் சவூதி அரேபியாவுக்குச் சென்று தம்மாம் நகரில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அந்நாட்டுச் சாலைகளில் அமெரிக்கப் ‘பிக்கப்’ வண்டிகள் மிகுதி. முன்னால் ஆட்கள் அமரும் அறை, பின்னால் திறந்த சரக்குத் தட்டு, மூடிக்குள்ளே நம் ஊர்க் கார் எஞ்சின்கள் மூன்று நான்கை ஒன்றாக வைத்தாற் போன்ற பெரிய எஞ்சின். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் வெயிலில், குளிர்சாதனத்தை முழுமையாக ஓடவிட்டுக்கொண்டு பாலைவனச் சாலையில் செல்லும் வண்டிக்கு விசிறி சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பட்டறைக்கு 2001ஆம் ஆண்டுச் செவர்லே சில்வராடோ ஒன்று வந்தது. 5.3 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். நீர்ப்பம்பு ஒழுகுகிறது, மாற்ற வேண்டும். பம்பைக் கழற்ற வேண்டுமானால் அதன் தண்டின் முனையில் மாட்டியிருக்கும் விசிறிக் கிளட்சை முதலில் எடுத்தாக வேண்டும். கிளட்சைப் பிடித்திருப்பது 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய நட்டு. வண்டி மாலைக்குள் வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமா ஸ்பானரை மாட்டி அழுத்தினார். நட்டு அசையவில்லை. ஸ்பானரின் முனையில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி நீளத்தைக் கூட்டிக்கொண்டு மீண்டும் அழுத்தினார். அசையவில்லை. உடலின் முழு எடையையும் குழாயின்மீது சாய்த்தார். ஸ்பானர் நட்டிலிருந்து நழுவியது. கை நேரே ரேடியேட்டருக்குள் பாய்ந்தது. ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் சவர அலகுகளைப் போன்றவை. புறங்கையில் தசைநார் அறுந்தது, ரேடியேட்டரும் ஓட்டையாயிற்று. ரேடியேட்டரின் விலையைச் சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடித்தார்கள். கையின் விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் பட்டறைக்கு வந்த மாமாவிடம், அங்கே நெடுநாள் பணியாற்றிய மலையாளப் பெரியவர் ஒருவர் கேட்டாராம்: “தம்பீ, நீ எந்தப் பக்கம் திருப்பினே?”

“வலப்பக்கம்தான் அண்ணே. ஃபேன் நட்டெல்லாம் லெஃப்ட் திரெட்டுதானே?”

“இந்த வண்டியிலே ஃபேன் எந்தப் பக்கம் சுத்தும்? அதைப் பார்த்தியா?”

மாமா பார்க்கவில்லை. சென்னையில் அவர் பழகியது பழைய பி.எம்.டபிள்யூ. கார்களில். அவற்றில் விசிறிக் கிளட்சின் 32 மில்லிமீட்டர் நட்டு இடமரை கொண்டது, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அங்கே கற்றதை இங்கே அப்படியே செய்தார். சில்வராடோவின் நட்டோ சாதாரண வலமரை. அதாவது, கழற்றுவதாக எண்ணிக்கொண்டு முழு எடையையும் போட்டு மாமா அதை இறுக்கிக்கொண்டிருந்தார்!

இந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் பிறந்தது. ஒரு வண்டியில் இடமரை, இன்னொன்றில் வலமரை, ஏன் இப்படி? தயாரிப்பாளரின் மனம்போன போக்கா? இல்லை. இதற்கு ஒரே விதி உண்டு. அவ்விதியை அறிய முதலில் கிளட்சின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், வண்டி வேகமாக ஓடி எதிர்க்காற்று தாராளமாக வரும்போதும் விசிறிக்கு வேலை குறைவு. அப்போதும் அதை முழு வேகத்தில் சுழற்றினால் எஞ்சினின் ஆற்றல் வீண், எரிபொருள் வீண், இரைச்சல் வேறு. ஆகவே தேவைப்படும்போது மட்டும் விசிறியை இழுத்துச் சுழற்றவும், மற்ற நேரத்தில் நழுவ விடவும் ஓர் இடையாள் வேண்டும். அந்த இடையாள்தான் விசிறிக் கிளட்ச்.

அதற்குள் இரண்டு பகுதிகள். ஒன்று வட்டத்தட்டு. இது நட்டின் வழியாக நீர்ப்பம்பின் தண்டோடு பிணைந்து அதனுடன் சுழல்வது. மற்றொன்று அத்தட்டைச் சூழ்ந்த அலுமினிய உறை. விசிறியின் இறக்கைகள் இந்த உறையில்தான் பொருத்தப்பட்டுள்ளன. உறை, தட்டின் தண்டுமேல் ஒரு பேரிங்கில் அமர்ந்து தன்னிச்சையாகச் சுழலக்கூடியது. தட்டிலும் உறையிலும் வட்டவட்டமாக வரிப்பள்ளங்கள். ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில், தொடாமல், மயிரிழை இடைவெளியில் நிற்கும். அந்த இடைவெளியைச் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினால், எண்ணெயின் பாகுநிலை காரணமாகத் தட்டு சுழலும்போது உறையும் இழுபட்டுச் சுழலும். எண்ணெய் வெளியேறிவிட்டால் இழுப்பும் போய்விடும்.

எண்ணெயை உள்ளே விடுவதும் நிறுத்துவதும் யார்? உறையின் முன்முகத்தில் கடிகாரச் சுருள்வில்லைப் போன்ற ஓர் ஈருலோகச் சுருள் இருக்கிறது. ஈருலோகத் தகட்டைச் சூடாக்கினால் வளையும் என்று பள்ளியில் படித்தோமே, அதே தகடுதான். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் முறுகி ஒரு சிறு வால்வைத் திறக்கிறது. சேமிப்பு அறையிலிருந்து எண்ணெய் வரிப்பள்ளங்களுக்குப் பாய்கிறது. காற்று குளிர்ந்ததும் வால்வு மூடிக்கொள்கிறது. பள்ளங்களில் உள்ள எண்ணெய் சுழற்சியினால் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, அங்குள்ள சிறு துளை வழியே சேமிப்பு அறைக்குத் திரும்புகிறது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. சிலிக்கோன் எண்ணெயைத் தேர்ந்தெடுத்ததும் காரணத்தோடுதான். மற்ற எண்ணெய்களைப் போல வெப்பத்தில் அது வெகுவாக நீர்த்துப் போவதில்லை.

இதிலிருந்து தொழிலாளிக்கு ஓர் உண்மை புலப்படும். விசிறியின் இறக்கையைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினால் பயனில்லை. இறக்கை உறையோடு சேர்ந்தது, நட்டோ தட்டோடும் தண்டோடும் சேர்ந்தது, நடுவில் இருப்பது வெறும் எண்ணெய். நீங்கள் இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்க, தண்டும் நட்டும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கை உடைந்ததுதான் மிச்சம் என்று மாமா சொல்வார்.

நிற்க. மரையின் திசைக்கு வருவோம்.

விடுதியில் தங்கியிருக்கும் நண்பர்கள் தம் மேசை விசிறியின் கூண்டைத் திறந்து, இறக்கையைப் பிடித்திருக்கும் நடு மூடியைக் கழற்றிப் பாருங்கள். வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இறுகும், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சென்ற விடுமுறையில் மாமா என்னை இதைச் செய்யச் சொல்லிவிட்டுத் திண்ணையில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார். நான் இடப்பக்கம் திருப்பித் திருப்பிக் கை சிவந்தபின், “மாப்ளே, நீ பிஸிக்ஸ்தானே படிக்கிறே?” என்றார். இயற்பியல் துறையின் மானம் அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் போயிற்று.

மேசை விசிறி, முன்னால் நின்று பார்ப்பவர்க்கு வலஞ்சுழியாக, அதாவது கடிகார முள் செல்லும் திசையில் சுழல்கிறது. தண்டு இழுத்துச் செல்ல, இறக்கை காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. காற்றோ இறக்கையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எனவே இறக்கையும் அதை ஒட்டியுள்ள மூடியும் தண்டைவிடப் பின்தங்க முயல்கின்றன. வலஞ்சுழியாக ஓடும் தண்டுக்குப் பின்தங்குவது என்றால், தண்டிலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திரும்புவது. சாதாரண வலமரையாக இருந்தால் இடஞ்சுழித் திருப்பம் அதைக் கழற்றிவிடும். ஒரு நாள் இறக்கை தண்டைவிட்டே பறந்துவிடும். இடமரையாக இருந்தால் அதே திருப்பம் அதை இறுக்கும். ஆகவே வலஞ்சுழியாகச் சுழலும் விசிறிக்கு இடமரை, இடஞ்சுழியாகச் சுழலும் விசிறிக்கு வலமரை. சுழலச் சுழல இறுக வேண்டும், இவ்வளவுதான் விதி. இதையே திருப்பிச் சொன்னால் மலையாளப் பெரியவரின் கேள்விக்குப் பொருள் விளங்கும்: விசிறி எத்திசையில் சுழலுமோ, அத்திசையிலேயே நட்டைத் திருப்பினால் கழலும்.

மாமாவின் இரண்டு வண்டிகளிலும் இவ்விதியைப் பொருத்திப் பார்க்கலாம். அந்தப் பி.எம்.டபிள்யூ. கார்களில் பெல்ட்டின் உட்பக்கம் பம்பின் சக்கரத்தைச் சுற்றிச் செல்கிறது. எனவே பம்பு எஞ்சினின் திசையிலேயே, முன்னிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே இடமரை. சில்வராடோவிலோ பாம்புபோல் வளைந்து செல்லும் ஒரே பெல்ட்டின் வழவழப்பான முதுகுப்புறம் பம்பின் சக்கரத்தைத் தொட்டுச் செல்கிறது. எனவே பம்பு எஞ்சினுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே வலமரை. பெல்ட்டின் எந்தப் பக்கம் சக்கரத்தைத் தொடுகிறது என்று ஒரு நொடி குனிந்து பார்த்திருந்தால் மாமாவின் கை தப்பியிருக்கும். இதில் இன்னொரு கவனமும் வேண்டும். வலம் இடம் என்பதெல்லாம் வண்டிக்கு முன்னே நின்று எஞ்சினை நோக்கிப் பார்ப்பவர்க்கு. பக்கவாட்டில் மட்கார்டின்மேல் கவிழ்ந்து படுத்து வேலை செய்யும்போது தலை குழம்பிவிடும்.

எஞ்சினைத் திடீரென நிறுத்தினால் விசிறி தன் நிலைமத்தால் தொடர்ந்து ஓட முயலுமே, அப்போது நட்டு கழன்றுவிடாதா என்று நம் வகுப்புத் தோழி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்நேரத்தில் விசை கழற்றும் திசையில்தான் செயல்படுகிறது. ஆனால் நடுவில் எண்ணெய் இருப்பதால் விசிறி நழுவிக்கொண்டு மெல்ல நிற்கிறது. நட்டின்மேல் விழும் திருப்புவிசை சிறியது. ஆயிரக்கணக்கான மணி நேரம் காற்றின் தடையால் இறுகிய நட்டை அது அசைக்காது.

அந்த இறுக்கம்தான் அடுத்த சிக்கல். சரியான திசையை அறிந்துகொண்டாலும் பழைய வண்டியில் நட்டு எளிதில் கழல்வதில்லை. ஓட்டத்தில் தானே இறுகியது ஒரு பங்கு. துரு ஒரு பங்கு. பம்பின் முத்திரை தேய்ந்து ஒழுகும்போது குளிர்நீர்க் கலவை மரைவரை வந்து படிந்து காய்ந்து, சிமெண்டு பூசினாற்போல் பிடித்துக்கொள்வது இன்னொரு பங்கு. பம்பு கெட்டால்தான் நட்டைக் கழற்ற நேர்கிறது, பம்பு கெட்டதால்தான் நட்டு பிடித்துக்கொள்கிறது. தொழிலாளியின் தலைவிதி!

இங்கே நீண்ட குழாயும் உடல் எடையும் ஏன் உதவுவதில்லை? மெதுவாக அழுத்தினால் நட்டோடு தண்டும் சேர்ந்து சுழன்றுவிடுகிறது. தண்டைப் பிடித்திருப்பது பெல்ட்டின் இறுக்கம் மட்டுமே. ஓர் அளவுக்குமேல் அழுத்தினால் சக்கரம் பெல்ட்டில் வழுக்கும். ஆகவே வேலை தொடங்குமுன் பெல்ட்டைக் கழற்றிவிடுவது பெரும் தவறு. புதியவர்கள் இடம் விசாலமாக இருக்கட்டும் என்று முதலில் அதைத்தான் கழற்றுவார்களாம்.

பெரியவர் செய்தது வேறு. ஸ்பானரை நட்டில் மாட்டி, ஒரு கையால் அதை நட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கிலோ சுத்தியலால் ஸ்பானரின் முனையில் ‘ணங்’ என்று ஒரே அடி, மீண்டும் ஓர் அடி. மூன்றாவது அடியில், மாமாவின் முழு எடைக்கும் அசையாத நட்டு கால் சுற்றுத் திரும்பியதாம்.

இது மந்திரமன்று, நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் கணத்தாக்கு. ஒரு கிலோ சுத்தியல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், அந்த நேரத்தில் செயல்படும் சராசரி விசை 5,000 நியூட்டன். ஓர் ஆள் கையால் தள்ளும் விசை சில நூறு நியூட்டன்தான். ஸ்பானர் சற்று வளைந்து கொடுப்பதால் உண்மையில் மோதல் நேரம் கூடும், விசை குறையும். அப்படிக் குறைந்தாலும் கையின் விசையைவிடப் பன்மடங்கு.

விசையின் அளவு ஒருபுறம் இருக்க, அதைவிட முக்கியமானது அடியின் குறுமை. கேரம் காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் உள்ள காயை மட்டும் ஸ்டிரைக்கரால் சுண்டினால், அது பறந்துபோக, மேலுள்ளவை அப்படியே இறங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். மெதுவாகத் தள்ளினால் அடுக்கே சரியும். நட்டிலும் அதே கதைதான். அடி விழுந்து முடியும் நேரத்துக்குள் தண்டும், கனத்த பம்புச் சக்கரமும், பெல்ட்டும் நகரத் தொடங்குவதற்கே நேரமில்லை. அவற்றின் நிலைமமே தண்டைப் பிடித்துக்கொள்ளும் கையாகிவிடுகிறது. மேலும் ஒவ்வோர் அடியின் அதிர்வும் மரையிடுக்கில் உள்ள துருவைப் பொடியாக்குகிறது.

மூன்றாண்டுகளாகக் கணத்தாக்கைச் சமன்பாடாக எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கு, அதைக் கையில் பிடித்திருந்தவர் பள்ளிக்கூடத்தை அதிகம் பார்த்திராத ஒரு தொழிலாளி என்று எண்ணும்போது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடித்தும் அசையாத நட்டுகள் உண்டு. அப்போது பம்புச் சக்கரத்தின் போல்ட் தலைகளைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பட்டை ஒன்று தேவை. அதை மாட்டிவிட்டால் தண்டு சுழலாது. அதன்பின் ஸ்பானரைத் தாராளமாக அழுத்தலாம். துரு நீக்கும் எண்ணெயை மரையில் தெளித்து ஓர் இரவு ஊறவிடுவது நல்லது. மாலைக்குள் வண்டி வேண்டும் என்பவரிடம் இதைச் சொல்ல முடியாது என்பது வேறு. நட்டைத் தீச்சுடரால் சூடாக்குவதும் உண்டு. சூட்டில் நட்டு விரிந்து பிடி தளரும். ஆனால் நட்டுக்கு ஒரு பக்கம் பம்பின் முத்திரை, மறு பக்கம் எண்ணெய் நிறைந்த கிளட்ச். சுடர் கொஞ்சம் விலகினால் இரண்டில் ஒன்று பாழ். இரண்டையுமே மாற்றப் போகிறோம் என்றால் மட்டுமே மாமா தீயைக் கையில் எடுப்பார்.

சுத்தியலடி ஸ்பானர் திரும்பும் வட்டத்தின் தொடுகோட்டில் விழ வேண்டும். கோணலாக விழுந்தால் பம்பின் பேரிங் அடிபடும். பம்பு பழுதில்லாமல் கிளட்சை மட்டும் மாற்றும்போது இதில் இருமடங்கு கவனம் தேவை.

அடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். விசிறியைச் சூழ்ந்திருக்கும் பிளாஸ்டிக் கூடு சில்வராடோவில் இரண்டு பாதிகளாக வருவதால் மேற்பாதியை மட்டும் எடுத்தால் இடம் கிடைத்துவிடும். கூடு ஒரே துண்டாக உள்ள வண்டிகளில் அதன் போல்ட்டுகளை மட்டும் விடுவித்து, கடைசியில் விசிறியையும் கூட்டையும் சேர்த்தே மேலே தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே கனமான அட்டையோ ஒட்டுப்பலகையோ செருகிவைக்க வேண்டும். ஸ்பானர் நழுவினாலும் கை பலகையில்தான் மோதும். அன்று அந்தப் பட்டறையில் பலகைக்குப் பஞ்சமில்லை. அதைச் செருக வேண்டும் என்று புது ஆளுக்குச் சொல்வார்தாம் இல்லை. விபத்துக்குப் பின் ஒவ்வொரு வண்டிக்கும் பலகை வைத்தார்களாம்.

வெளியே எடுத்த கிளட்சை உடனே மாட்டிவிடாமல் சோதிப்பதும் நல்லது. முன்முகத்தில் சுருளைச் சுற்றிலும் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் ஆரம்போல் படிந்திருந்தால் எண்ணெய் ஒழுகிவிட்டது என்று பொருள். உறையைக் கையால் சுழற்றினால் மிதமான தடையோடு சுற்ற வேண்டும். தடையே இல்லாமல் பம்பரமாகச் சுற்றினாலும் ஆகாது, சுற்றவே மறுத்தாலும் ஆகாது. இறக்கையில் விரிசல் கண்டால் விசிறியை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும். வளைந்த இறக்கையைத் தட்டி நேராக்குவது சிக்கனம்போல் தோன்றும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது அது முறிந்து மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம்.

மீண்டும் மாட்டுவது எளிது. மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை நீக்கி, பிடித்துக்கொள்ளாமல் இருக்க மசகு தடவி, முதற் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்ற வேண்டும். கனத்த விசிறியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டை ஏற்றும்போது, பொறுமை இழந்து ஸ்பானரைப் போட்டுவிட்டால் மரை கோணலாக ஏறிச் சிதைந்துவிடும். பம்பின் தண்டில் மரை சிதைந்தால் புதுப் பம்பு வாங்க வேண்டியதுதான். ஏறியபின் வெறிகொண்டு இறுக்கத் தேவையில்லை. மீதியை விசிறியே ஓடி ஓடி இறுக்கிக்கொள்ளும்.

மாமா 2019இல் ஊர் திரும்பி, இப்போது எங்கள் ஊரில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். ஸ்பானரை இடக்கையில்தான் பிடிக்கிறார். பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் எந்த நட்டைக் காட்டினாலும் முதலில் கேட்பது, “இது எந்தப் பக்கம் சுத்துது, பாத்தியா?” என்பதுதான். பல நட்டுகள் சுற்றவே சுற்றாதவை. பையன்கள் விழிப்பார்கள். அவர் கேட்பதை நிறுத்துவதில்லை.